அக்காகாரி குடுத்தது

கரண்டு போனால்தான் நகரியில் பேச்சுக் குரல் கேட்கும். அன்று மத்தியானம் கரண்டு போய்த் தெருவிலிருந்த தறிகள் எல்லாம் அடங்கியபோது, தேவசேனா கொட்டகையில் குனிந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

வரலட்சுமி மகள் வீட்டு வாசலை மிதித்து எட்டு வருஷம் ஓடியிருந்தது. இத்தனைக்கும் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ரேஷன் கடையில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி எழுந்து அடுத்த பந்திக்குப் போவாள். அப்படிப்பட்டவள் இப்போது முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, உள்ளே வரமாட்டேன், சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள்.

அவள் மகன் முரளி ஜெயிலில் இருந்தான். ஆயுள் தண்டனை. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டதாம். போலீஸ் காவலோடு திருப்பதிக்குக் கூட்டி வந்து மிஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறார்களாம். இனி தேறமாட்டான் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால் கவர்ன்மென்டே விடுதலை பண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுமாம். மனு போட்டாகிவிட்டது. தேவசேனா மட்டும் அதை எதிர்த்து எதுவும் எழுதிக் கொடுக்கக் கூடாது. இதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"எம் மடியில சாவட்டும். அவ்ளோதான் கேக்கறேன்."

தேவசேனா முடிச்சுப் போட்ட இழையை எச்சில் தொட்டு நீவினாள். வரலட்சுமி திரும்பி இரண்டு அடி வைத்து, தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்: "கூடப் பொறந்தவங்க யாராவது ஒண்ணு குடுத்தா பொழைப்பானாம். அத்தக் கேக்க நான் வர்ல. உன்ன எனக்குத் தெரியும்."

முரளி கொன்றது வேறு யாரையும் இல்லை. தேவசேனாவின் புருஷன் மணிவேலைத்தான்.

நூல் விலை ஏறிச் சேலை விலை இறங்கிய காலத்தில் நகரியில் பாதித் தறிகள் நின்றன. ஆம்பிளைகள் சிலர் மெட்ராசுக்குப் போனார்கள், சிலர் திருப்பூருக்கு. முரளி சுமோ ஓட்டப் போனான். யாருக்கு ஓட்டுகிறான், எங்கே ஓட்டுகிறான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கையில் புதுப் போனும் கழுத்தில் சங்கிலியும் வந்தன. ஒருநாள் மணிவேல் தன் கொட்டகையில் சேலை மூட்டைகளை நகர்த்தியபோது அடியில் செம்மரக் கட்டைகள் இருந்தன, தோல் சீவி, ரத்தச் சிவப்பாக. மணிவேல் அதிர்ந்து பேசத் தெரியாதவன். மச்சானைக் கூப்பிட்டு, நாளைக்குள் எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் நானே ஃபாரஸ்ட்டு ஆபீசில் சொல்லிவிடுவேன் என்று மெதுவாகத்தான் சொன்னான். தேவசேனா அப்போது பக்கத்தில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நூல் எடுக்கப் புத்தூருக்கு டி.வி.எஸ்.ஸில் போன மணிவேலை வழியில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்று சேதி வந்தது.

அவள் நெஞ்சில் இன்றைக்கும் எரிவது கொலை மட்டும் இல்லை. பிணம் வீட்டுக்கு வந்ததும் முதலில் ஓடி வந்து விழுந்து அழுதவன் முரளி. பாடை கட்டினவன் அவன். முன்பக்கம் தோள் கொடுத்தவன் அவன். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அவள் மகள் பிரியங்காவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டவனும் அவன்தான். முரளி ஓட்டிய சுமோவின் நசுங்கிய முன்பக்கத்தை நிமிர்த்திய மெக்கானிக் வாயைத் திறந்து போலீஸ் வரும்வரைக்கும், தம்பி இருக்கிறான் என்ற ஒரே தைரியத்தில்தான் தேவசேனா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் அம்மா அவள் கையைப் பிடித்தாள். கட்டையைப் பற்றிப் பேசாதே, ஆக்சிடென்ட் என்று போகட்டும், போனவன் போய்விட்டான், இருக்கிறவனைப் பார் என்றாள். தேவசேனா கையை உதறிவிட்டுக் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னாள். அன்றோடு அம்மா பேச்சை நிறுத்தினாள். அன்றிலிருந்து ஒற்றை ஆளாகத் தறி ஓட்டி மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள் தேவசேனா. இப்போது பிரியங்கா ஸ்ரீசிட்டியில் போன் கம்பெனிக்குப் போகிறாள். விடியற்காலை பஸ் வரும், இருட்டின பிறகு கொண்டுவந்து விடும்.

அம்மா வந்து போன மறுநாள், தேவசேனா புத்தூரில் வக்கீல் சிட்டிபாபுவைப் பார்க்கப் போனாள். பழைய கேசில் அவளுக்கு உதவி செய்த ஆள். விடுதலையை நிறுத்த என்ன வழி என்று கேட்டாள். சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்ப்பு மனு போடலாம், ஆனால் சாகப்போகிறவன் என்றால் எந்த அதிகாரியும் இரக்கம்தான் பார்ப்பான், உன் மனு நிற்காதம்மா என்றார்.

"அவனுக்கு உடம்பு தேறுனாத்தான் அந்த மனு செல்லாது. கிட்னி வெச்சி நல்லாயிட்டான்னு வெச்சிக்கோ, அப்புறம் இன்னாத்துக்கு விடறாங்க? ரெண்டூ காதும்மா, ரெண்டும் சேந்து கெடைக்காது. ஒண்ணு உசுரு, இல்ல விடுதல."

சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். நகரிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதையே மென்றுகொண்டு வந்தாள். முரளி வீட்டுக்கு வருவான். அம்மா சுடுசோறு போடுவாள். தெருவே வந்து பார்த்து, பாவம், எப்படி இருந்த பையன் என்று உச்சுக்கொட்டும். செத்தால் நாலு பேர் தோள் கொடுப்பார்கள். மணிவேலுக்கு ரோட்டோரத்துப் புழுதியில் கிடைக்காததெல்லாம் அவனுக்குக் கிடைக்கும். எத்தனையோ ராத்திரி அவன் சாகவேண்டும் என்று வேண்டியவள், அந்தச் சாவு இப்படி மெத்தையில் வைத்து அவனுக்கு நீட்டப்படும் என்று நினைக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று, நான் குடுக்கறேன் என்றாள்.

அன்றைக்கு வரலட்சுமி அழுத அழுகையைத் தெருவே கேட்டது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். எட்டு வருஷம் அவளைச் சாட்சிக்காரி என்று ஒதுக்கியவர்கள், மனுஷியா இவள், தெய்வம் என்றார்கள். தேவசேனா எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிரியங்கா மட்டும் இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு, நைனாவைக் கொன்னவனுக்கு உன் உடம்ப அறுத்துக் குடுப்பியா, அப்படின்னா நான் யாரு உனக்கு என்று கேட்டாள். தேவசேனா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, வக்கீல் சொன்னதை மகளுக்குச் சொன்னாள். பிரியங்கா வெகுநேரம் தாயின் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு எதனா ஆயிட்டா?"

"ஒண்ணு போதுமாம். கேட்டுக்கினேன்."

"பயமா கீதும்மா. ஆஸ்பத்திரிய சொல்லல. உன்னப் பாத்தா பயமா கீது."

தேவசேனா தள்ளிய தட்டை மகள் முன்னால் திரும்ப இழுத்து வைத்தாள்.

திருப்பதிக்குப் போக்கும் வரத்துமாகப் பல வாரம் போயிற்று. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கைதி என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஜெயிலிலிருந்தும் கோர்ட்டிலிருந்தும் அனுமதி வரவேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் ஒரு சின்ன ரூமில் தங்கினாள். காலையில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஜனங்கள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு அவர்களைப் பார்ப்பாள். மலைக்குப் போக அவளுக்குத் தோன்றவில்லை. சாமியிடம் கேட்கிற காரியம் இல்லை இது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொடுக்கிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற டாக்டர் பத்மினி, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற அம்மாள். தலை பாதி நரைத்திருந்தது. யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, ஏதாவது தருவதாகச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். உங்கள் வீட்டுக்காரரை இவர்தான் கொலை செய்தார் என்று போட்டிருக்கிறதே, பிறகு எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றார்.

பொய் சொல்லத்தான் நினைத்து வந்திருந்தாள். ரத்த பாசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை.

"அவன் சாவக்கூடாது. உள்ளயே இருக்கணும். எம் புருஷன் எத்தினி வருஷம் இருந்திருப்பாரோ அத்தினி வருஷம் இருக்கணும். அதுக்குத்தான்."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். இது அவருக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றாள். விடுதலை கிடைக்காது என்று தெரியாமல் அவர் படுத்தால் நான் கத்தியைத் தொட மாட்டேன், அவரும் சம்மதித்துத்தான் வாங்கவேண்டும் என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். ஒரு வாரம் கழித்துப் போனாள். அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னாள். அப்படியானால் அவரிடம் நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா என்றார்.

நானே சொல்கிறேன் என்றாள் தேவசேனா.

முரளி மிஷின் வார்டில் படுத்திருந்தான். கோர்ட்டில் பார்த்த பிறகு அன்றுதான் அவனைப் பார்த்தாள். முகம் ஊதி, உடம்பு வற்றி, தோல் கரிந்திருந்தது. ஒரு காலில் சங்கிலி கட்டிலோடு பூட்டியிருந்தது. கான்ஸ்டபிள் இரண்டு பேர் கதவோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்து ரத்தம் குழாயில் ஏறிச் சுற்றிப்போய் வந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"அக்கா," என்றான்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். என் கிட்னியை வாங்கினால் உன் விடுதலை மனு செத்துப்போகும். நல்ல உடம்போடு ஜெயிலுக்குப் போவாய். அதற்காகத்தான் கொடுக்கிறேன், பாசத்தில் இல்லை. வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு, அம்மா மடியில் போய்ச் செத்துப்போ.

அவன் அழுவான் என்று நினைத்தாள். இல்லாவிட்டால், போடி, உன்னிடம் வாங்கிப் பிழைக்க வேண்டாம் என்பான். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"மாமாவ நான்..." என்று ஆரம்பித்தான்.

"அவரப் பத்தி உன் வாயால பேசாத."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்துக் கட்டிலைக் காட்டினான். அதில் யாரும் இல்லை.

"இங்க ஒருத்தன் இருந்தான்க்கா. மதனபள்ளிகாரன். போன வாரம் பேசிக்கினே இருந்தவன் மூச்சு வாங்கிச் செத்துட்டான். பெத்தவங்க, பொண்டாட்டி எல்லாம் சுத்தி நின்னுக்கினுதான் இருந்தாங்கோ. இன்னா பிரயோஜனம்? கண்ணு அப்பிடித் தொறந்துக்கினு கீது. எனக்குச் சாவப் பயமா கீதுக்கா. குடு. உள்ளயே இருந்துக்கறேன்."

தேவசேனா அவனைத் தண்டிக்கக் கொண்டுவந்ததை அவன் இரண்டு கையாலும் ஏந்தி வாங்குகிறான். வேண்டாம், கொடுக்கவில்லை, சாவுடா என்று சொல்லிவிட்டால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் தெருவில் அவன் பாடை போவதும், அதை நாலு பேர் தூக்குவதும் கண்ணுக்குள் வந்தன.

"இருந்துக்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் நர்சு வந்து, உங்கள் கிட்னி உங்கள் தம்பிக்குள் அப்போதே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னபோது, விலாவில் தையல் பிடுங்குகிற வலியோடு தேவசேனா கண்ணை மூடிச் சிரித்தாள். வரலட்சுமி வந்து கட்டிலோரம் நின்று மகள் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலை இழுத்துக்கொள்ள தேவசேனாவால் முடியவில்லை. அசைந்தால் தையல் வலித்தது.

மூன்று நான்கு மாதம் கழித்து விடுதலையாகிறவர்களின் பேர்கள் வந்தன. முரளி பேர் அதில் இல்லை. வரலட்சுமி புத்தூருக்குப் போய் வக்கீலிடம் விசாரித்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் தேவசேனா வாசற்படியில் உட்கார்ந்து களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வந்து எதிரே நின்றாள். வெயிலில் நடந்த முகம் கறுத்துப்போயிருந்தது.

"தெரிஞ்சிதான் பண்ணியா?"

"தெரிஞ்சிதான்."

"அவன் வருவான்னு வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சி வெச்சிக்கீறேன்டி."

"பாத்தேன்."

வரலட்சுமி கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. களி உருண்டை மகள் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவன் கோவத்துல பண்ணான். நீ உக்காந்து ரோசன பண்ணி, ஊசி குத்திக்கினு, வயித்தக் கிழிச்சிக்கினு பண்ணிக்கீற. அவன விட நீதான்டி கொடூரி," என்றாள். அம்மா போன பிறகு தேவசேனா மிச்சமிருந்த களியையும் சாப்பிட்டு முடித்தாள்.

தை மாதத்தில் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. முரளியைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தார்களாம். கிட்னி பழுதாகிற மாதிரித் தெரிகிறதாம். ஜெயிலில் மாத்திரை வேளை தவறாமல் கொடுக்கிறார்கள், ஆனால் அவர் முழுங்குகிற மாதிரித் தெரியவில்லை, வீட்டு ஆட்கள் எடுத்துச் சொன்னால் நல்லது என்றார்கள்.

தேவசேனாவுக்குச் சட்டென்று புரிந்தது. அம்மா இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்ததைத் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். மாத்திரையை நிறுத்தினால் கிட்னி போகும். கிட்னி போனால் திரும்பவும் சாகிற கேசு. மனு உயிர் பிடிக்கும். வெள்ளையடித்த வீடு காத்துக்கொண்டிருக்கிறது.

போய்ச் சேரட்டும் விடும்மா, இன்னும் எத்தனை நாள் அவனையே கட்டிக்கொண்டு அழுவாய் என்றாள் பிரியங்கா. தேவசேனா தறியை அப்படியே நிறுத்திப் போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போக ரயிலேறினாள். ரேணிகுண்டாவில் வண்டி மாறும்போது பார்த்தால், அதே பிளாட்பாரத்தில் அம்மாவும் நின்றிருந்தாள், கையில் துணிப்பையோடு. அன்று ஜெயிலில் கைதிகளைப் பார்க்க விடுகிற நாள். இருவரும் ஒரே பெட்டியில்தான் ஏறினார்கள். கூட்டத்தில் வேறு இடமில்லாமல் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. வரலட்சுமி ஜன்னல் வழியே பொட்டல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தேவசேனா அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பித்தவெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. பெற்றவளும் பெண்ணும் ஒரே ஆளிடம்தான் போகிறார்கள், ஒருத்தி அவனைச் சாகச் சொல்ல, ஒருத்தி இருக்கச் சொல்ல. ஆசை ஒருத்திக்கு, பகை ஒருத்திக்கு. பெட்டியில் இருந்தவர்கள் யாரிடம் சொன்னாலும் மாற்றித்தான் புரிந்துகொள்வார்கள்.

ஜெயில் வாசலில் பெயர் எழுதுகிற வார்டர், இன்றைக்கு ஒருத்தருக்குத்தான் அனுமதி என்றார். அம்மா, அக்கா இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், யாரைப் பார்க்கிறாய் என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அக்கனே ரமன்னாடு," அக்காவைத்தான் வரச் சொன்னான் என்று தேவசேனாவைக் கைகாட்டினார்.

வரலட்சுமி அதை நம்பவில்லை. வார்டரிடம் திரும்பக் கேட்டாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். அவள் துணிப்பையை மார்போடு சேர்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முரளி வந்து நின்றான். முகத்தில் சதை பிடித்திருந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழே மறுபடி வீக்கம் தெரிந்தது.

"நிறுத்திட்டியா?" என்றாள்.

"அம்மா சொல்லிச்சு. நாக்குக்கு அடியில வெச்சிக்கினு துப்பிட்டேன், கொஞ்ச நாளு. அப்புறம் ஒருநாள் விடிகாத்தால மூச்சு முட்டுச்சிக்கா. அந்த மதனபள்ளிகாரன் கண்ணு ஞாபகம் வந்திடுச்சி. வார்டர எழுப்பி மாத்திர கேட்டு வாங்கித் துன்னேன். இப்ப தினம் துன்றேன். அம்மாவப் பாத்தா திரும்ப மனசு மாறிடும். அதான் அம்மாவ வர வேணாம்னேன்."

தேவசேனா அவனை நம்பவில்லை. இவன்தான் கொன்ற கையோடு பாடை சுமந்தவன். கைப்பையைத் திறந்து, வழியிலேயே வெளிக் கடையில் வாங்கி வந்திருந்த அன்றைய மாத்திரையைக் காட்டி, இதைக் கொடுக்கலாமா என்று பக்கத்தில் நின்ற ஜெயில் கம்பவுண்டரைக் கேட்டாள். அவர் வெளி மாத்திரை கூடாது என்று சொல்லி, உள்ளே போய் அவனுடைய மத்தியான மாத்திரையையும் ஒரு குவளைத் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அவளைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொன்னார்.

முரளி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். தொண்டை ஏறி இறங்கியது. குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"வாயத் தொற," என்றாள்.

திறந்தான். வலையோடு நெற்றி ஒட்டும்படி தேவசேனா கிட்டே போனாள்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினான்.

"இன்னும் நல்லாத் தொற."